இலைத்துளை திறக்கும் நேரம்



எதைப் பற்றிப் பேசுவது என்பதை என் விருப்பத்துக்கே விட்டீர்கள். நான் இலைத்துளையை எடுத்துக்கொண்டேன். இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பள்ளியில் அதன் படத்தை வரைந்திருப்பீர்கள். இரண்டு காப்புச் செல்கள், நடுவே ஒரு திறப்பு, சுற்றிலும் புறத்தோல் செல்கள், பக்கத்தில் அம்புக்குறியிட்டுப் பாகங்களின் பெயர். படம் சரியானதுதான். ஆனால் அதில் நேரம் இல்லை. காலை ஆறு மணிக்கும் நண்பகலுக்கும் நள்ளிரவுக்கும் ஒரே படத்தைத்தான் நாம் வரைகிறோம். ஒரு செடி வறட்சியில் தாக்குப்பிடிக்குமா, தாக்குப்பிடித்தபின் விளைச்சலும் தருமா என்பதில் துளை எத்தனை, எவ்வளவு அகலம் என்பதைக் காட்டிலும் அது எந்த வேளையில் திறந்திருக்கிறது என்பதற்கு அதிகப் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதை உங்கள் முன் வைப்பதற்காகவே இந்த மேடைக்கு வந்தேன்.

இலையின் தோல் மெழுகு படிந்தது. கியூட்டிக்கிள் என்னும் அந்தப் படலம் நீரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதே படலம் கரியமில வாயுவையும் தடுத்துவிடும். நீரை உள்ளேயே நிறுத்திக்கொண்டு கரியமில வாயுவை மட்டும் விடக்கூடிய சவ்வு எதையும் தரைத் தாவரங்கள் இன்றுவரை உருவாக்கிக்கொள்ளவில்லை. அதனால்தான் துளை தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில் கல்லாக உறைந்து கிடக்கும் செடிகளுக்கு ஏறத்தாழ 40 கோடி ஆண்டு வயது. அவற்றுக்கு நாம் அறிந்த இலைகள் கிடையாது, வெறும் தண்டுதான். அந்தத் தண்டின் தோலிலும் இரண்டிரண்டு காப்புச் செல்களோடு துளைகள் இருக்கின்றன. இத்தனை கோடி ஆண்டுகளில் அடிப்படை வடிவம் மாறவில்லை.

துளையின் வழியே என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாணவர்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், எளிய கணக்குதான். பங்குனி மாதம், திருச்சிப் பக்கம், நண்பகல். வெப்பம் 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம், இலையும் காற்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இலைக்குள் ஈரமான செல்களுக்கு இடையில் இருக்கும் காற்று நீராவியால் நிறைந்திருக்கும். 35 டிகிரியில் அந்தக் காற்றில் நீராவியின் பங்கு ஏறத்தாழ 5.5 சதவீதம். வெளிக்காற்றில் 2.2 சதவீதம். வித்தியாசம் 3.3. இனி கரியமில வாயு. வெளியே பத்து லட்சத்தில் 420 பங்கு, இலைக்குள் சுமார் 280. வித்தியாசம் வெறும் 140 பங்கு, அதாவது 0.014 சதவீதம். நீர் மூலக்கூறு எடை குறைந்தது என்பதால் 1.6 மடங்கு விரைவாகப் பரவும். பெருக்கி வகுத்தால் ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் ஏறத்தாழ 380 மூலக்கூறு நீர் வெளியே போய்விடுகிறது. நெல், உளுந்து, நிலக்கடலை போன்ற பயிர்களுக்குப் பாடநூல்கள் தரும் 400, 500 என்ற எண்ணும் இதை ஒட்டியதுதான்.

இப்போது அதே செடி, அதே துளை, அதே அகலம். நேரத்தை மட்டும் காலை ஏழு மணியாக மாற்றுங்கள். 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். நீராவி வித்தியாசம் 0.47 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. கணக்கின் விடை 54. நண்பகலில் கொடுக்கும் விலையில் ஏழில் ஒரு பங்கு! துளையின் அமைப்பில் எதுவும் மாறவில்லை, வேளை மட்டும் மாறியிருக்கிறது. என் உரையின் மற்றப் பகுதி எல்லாம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

இதை முதலில் எடைத்தட்டில் வைத்துப் பார்த்தவர் இங்கிலாந்தில் டெடிங்டன் ஊர்ப் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். 1727-இல் அவர் வெளியிட்ட நூலில் சூரியகாந்திச் செடி ஒன்றின் கணக்கு வருகிறது. தொட்டி மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதபடி ஈயத்தகட்டால் மூடி, இணைப்புகளை அடைத்து, காலையும் மாலையும் செடியை எடைபோட்டார். மூன்றரை அடி உயரமுள்ள அந்தச் செடி பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் சராசரியாக 1 பவுண்டு 4 அவுன்ஸ் நீரை இழந்தது. நம் கணக்கில் அரை லிட்டருக்கு மேல். பனி விழாத வெதுவெதுப்பான இரவில் இழந்தது 3 அவுன்ஸ் அளவுதான். அதே எடைத்தட்டில் பகலும் இரவும் இரண்டு வேறு எண்களாக நின்றன. துளை மூடித் திறக்கிறது என்று அறியாத காலத்திலேயே அதன் நேரப் பட்டியலை அவர் அளந்துவிட்டார்.

துளைகள் எல்லாவற்றின் பரப்பையும் கூட்டினால் இலைப் பரப்பில் ஓரிரு சதவீதத்தைத் தாண்டாது. அந்த ஓரிரு சதவீதத்தின் வழியே இத்தனை நீர் எப்படிப் போகும் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 1900-இல் பிரவுன், எஸ்கோம்ப் என்ற இருவர் விடை தந்தார்கள். மிகச் சிறிய துளையின் வழியே வாயு பரவுவது அதன் பரப்பைப் பொறுத்தது அன்று, விட்டத்தைப் பொறுத்தது. ஓரங்களில் வாயு எல்லாப் பக்கமும் விசிறிச் செல்லும். எனவே ஒரு பெரிய துளையைவிட, போதிய இடைவெளியுள்ள ஆயிரம் சிறு துளைகளால் பல மடங்கு வேலை நடக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் நூறு, இருநூறு துளைகள் இருப்பது சாதாரணம். மாவிலும் தென்னையிலும் அவை இலையின் அடிப்பக்கம் மட்டுமே. நீரில் மிதக்கும் அல்லி இலைக்கு மேற்பக்கம். அரளி தன் துளைகளை இலையின் அடியில் மயிர் நிறைந்த குழிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. உலகத்து இலைத்துளைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் வெளியேற்றும் நீராவி, காற்றுமண்டலத்தில் எந்த நேரத்திலும் இருக்கும் மொத்த நீராவியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஹெதரிங்டனும் உட்வர்டும் 2003-இல் கணக்கிட்டார்கள்.

இனி, திறப்பது யார்? மூடுவது யார்?

காப்புச் செல்லுக்குள் நீர் ஏறி அது விறைத்தால் துளை திறக்கிறது, தளர்ந்தால் மூடுகிறது என்பதை ஹூகோ ஃபான் மோல் 1856-இல் காட்டினார். செல்லின் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் அது வெறுமனே உப்பும். ஆனால் துளையை ஒட்டிய சுவர் தடித்தது. செல்லுலோஸ் இழைகள் செல்லைக் குறுக்கே சுற்றியிருக்கின்றன. அதனால் பருமனாக முடியாத செல் நீள்கிறது, நீளும்போது வளைகிறது, இரண்டும் எதிரெதிரே வளைவதால் நடுவில் திறப்பு உண்டாகிறது. இதற்குத் தேவைப்படும் அழுத்தம் சில சமயம் 30, 40 வளிமண்டல அழுத்தத்தை எட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு செல் அத்தனை அழுத்தத்தை நாள்தோறும் ஏற்றி இறக்குகிறது.

அந்த நீர் ஏன் உள்ளே வருகிறது என்பதில்தான் அறிவியல் நெடுங்காலம் வேறு பாதையில் போனது. காப்புச் செல்லில் பசுங்கணிகம் உண்டு, ஸ்டார்ச் உண்டு. ஸ்டார்ச் சர்க்கரையாகும்போது கரைசல் அடர்த்தியாகி நீரை இழுக்கிறது என்று பல பத்தாண்டுகள் கற்பித்தோம். ஜப்பானில் இமாமுரா 1943-இல், பிறகு ஃபுஜினோ, திறந்த துளையின் காப்புச் செல்களில் பொட்டாசியம் குவிவதைக் கண்டார்கள். அது உலகத்தின் காதில் விழவில்லை. 1968-இல் ஃபாபா அவரையின் தோலை உரித்து ஆர். ஏ. ஃபிஷர் செய்த சோதனைகளுக்குப் பிறகே பொட்டாசியம் நடுவரங்குக்கு வந்தது. சர்க்கரைக்கும் பங்கு உண்டு என்பது பின்னாளில் மறுபடி ஏற்கப்பட்டது. போர்க்காலத்தில் ஜப்பானில் நடந்த வேலை இருபத்தைந்து ஆண்டு கண்டுகொள்ளப்படாமல் கிடந்ததை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. எந்த ஊரில், எந்த மொழியில் செய்யப்பட்டது என்பதற்காக ஒரு நல்ல அளவீடு காத்திருக்கக் கூடாது.

இன்று நாம் அறிந்த வரிசை இது. விடியலின் நீல ஒளியைக் காப்புச் செல்லின் சவ்வில் உள்ள ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் உணர்கிறது. இதை கினோஷிதாவும் ஷிமாசாகியும் அவர்களுடைய குழுவினரும் 2001-இல் நிறுவினார்கள். உடனே சவ்வில் உள்ள ஒரு புரத எக்கி, செல்லின் ஆற்றலைச் செலவிட்டு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. உட்புறம் எதிர் மின்னூட்டம் கூடுகிறது. அந்த இழுப்பில் பொட்டாசியம் தனக்குரிய வாய்க்கால்கள் வழியே உள்ளே வருகிறது. துணைக்குக் குளோரைடும், செல்லே தயாரிக்கும் மாலேட்டும் சேர்கின்றன. கரைசல் அடர்கிறது, நீர் பின்தொடர்கிறது. முதிர்ந்த காப்புச் செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் இடையே மற்றச் செல்களுக்கு இருப்பது போன்ற நேரடி இணைப்புகள் கிடையாது. வருவதும் போவதும் சவ்வைத் தாண்டித்தான். தன் வாசலைத் தானே ஆள வேண்டிய செல்லுக்கு அந்தத் தனிமை தேவைப்படுகிறது.

வறட்சிக் காலத்தில் 1 சத பொட்டாசியம் குளோரைடு கரைசலை இலைவழி தெளிக்கும்படி கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பதை உழவர்கள் அறிவார்கள். பொட்டாசியத்துக்கு இலையில் வேறு வேலைகளும் உண்டு என்றாலும், அந்தத் தெளிப்பின் ஒரு பங்கு போய்ச் சேரும் இடம் இந்தக் காப்புச் செல்தான்.

மூடுவதற்கு வேறு ஒரு தூது. மண் காய்ந்து, இலை நீர் குறைந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் பெருகுகிறது. 1960-களில் பருத்திக் காயிலும் உறங்கும் மரமொட்டிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட பொருள் இது. வாடும் கோதுமை இலையில் இதன் அளவு சில மணி நேரத்தில் பல மடங்கு உயர்வதை ரைட், ஹிரான் இருவரும் 1969-இல் அறிவித்தார்கள். காப்புச் செல் இந்த ஹார்மோனை எந்தப் புரதத்தால் பற்றிக்கொள்கிறது என்பது 2009-இல்தான் உறுதியாகத் தெரிந்தது. கலிஃபோர்னியாவில் ஷான் கட்லரின் குழுவும் மியூனிக்கில் எர்வின் கிரில்லின் குழுவும் ஒரே ஆண்டில் அதை அடைந்தன. ஹார்மோன் பற்றியதும் எதிரயனிகள் வெளியேறும் வாய்க்கால் திறக்கிறது, பொட்டாசியமும் வெளியேறுகிறது, நீரும் போகிறது, செல் தளர்கிறது, துளை மூடுகிறது. இந்தியாவிலும் இத்துறையில் நல்ல வேலை நடந்திருக்கிறது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஏ. எஸ். ராகவேந்திரா காப்புச் செல்லின் இந்தச் செய்தித் தொடர்பை நெடுங்காலம் ஆராய்ந்தவர்.

மூடியதும் செடி காப்பாற்றப்பட்டது என்று மகிழ்ந்துவிடுகிறோம். அங்கேதான் கவனம் தேவை. மூடிய இலைக்குக் கரியமில வாயு இல்லை, எனவே உணவு இல்லை. இன்னொன்றும் நடக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். துளை மூடினால் அந்தக் குளிர்ச்சி நின்று, வெயிலில் நிற்கும் இலை சுற்றுக் காற்றைவிடச் சூடாகிறது. பயிரின் வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியால் தூரத்திலிருந்தே அளந்து, தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளை முடிவு செய்யும் முறை இந்தச் சூட்டை நம்பியே பிறந்தது. ஆகவே நீராவிப்போக்கை வெறும் வீண்செலவு என்று பாடம் நடத்துவதை நான் ஏற்பதில்லை.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் செலிட்ச், வேகனர் என்ற இருவர் ஒரு பாதரசச் சேர்மத்தைத் தெளித்து இலைத்துளைகளை மூடவைத்துப் பார்த்தார்கள். நீரிழப்பு குறைந்தது உண்மை. அந்த வழி உழவுக்கு வந்து சேரவில்லை. பாதரசத்தின் நஞ்சு ஒரு காரணம். பகல் முழுக்க மூடிய துளை வளர்ச்சியையும் மூடிவிடும் என்பது அதைவிட ஆழமான காரணம். செடிக்கு வேண்டியது அடைப்பு அன்று, மலிவான வேளையில் திறந்து, விலை ஏறும் வேளையில் மூடும் திறமை.

அந்தத் திறமை பல வகையில் வெளிப்படுகிறது. வெயில் உச்சியை நெருங்கும்போது, மண்ணில் நீர் இருந்தாலும்கூட, பல செடிகள் துளையை ஓரளவு சுருக்கிக்கொள்கின்றன. பிற்பகலில் மறுபடி திறக்கின்றன. ஒளிச்சேர்க்கையை மணிக்கொருமுறை அளந்து வரைந்தால் நடுப்பகலில் ஒரு பள்ளம் தெரியும். செடிக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. தொடர்ந்து ஒரே ஒளியில் வைத்தாலும் துளைகள் ஏறத்தாழ ஒரு நாள் சுற்றில் திறந்து மூடுகின்றன. விடியலுக்கு முன்பே திறக்கத் தொடங்குபவையும் உண்டு, மலிவான காலைப் பொழுதில் ஒரு கணமும் வீணாகாதபடி.

வேகமும் நேரத்தின் ஒரு பகுதிதான். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் ஒளிச்சேர்க்கை நொடிகளில் குறைந்துவிடும். துளையோ மூடப் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் போகும் நீருக்குப் பதிலாக எதுவும் கிடைப்பதில்லை. மேகம் விலகும்போது இதற்கு நேர் மாறு: ஒளி வந்துவிட்டது, வாசல் இன்னும் பாதி மூடியபடி. நெல், சோளம், கம்பு முதலிய புல் இனங்கள் இதில் கெட்டிக்காரர்கள். அவற்றின் காப்புச் செல்கள் நடுவில் மெலிந்து இரு முனைகளிலும் பருத்தவை. பக்கத்தில் உள்ள துணைச் செல்களோடு பொட்டாசியத்தைப் பரிமாறிக்கொள்வதால் மற்றச் செடிகளைவிட விரைவாகத் திறந்து மூடுகின்றன. 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் காப்புச் செல்களில், ஒளி பட்டதும் பொட்டாசியத்தை விடும் ஒரு செயற்கை வாய்க்காலைப் பொருத்தினார்கள். துளைகளின் எண்ணிக்கையை அவர்கள் தொடவில்லை, வேகத்தை மட்டும் கூட்டினார்கள். மாறி மாறி வரும் ஒளியில் அந்தச் செடிகள் கூடுதல் நீர் கேட்காமலே 2.2 மடங்கு எடை வளர்ந்தன. நேரம் என்று நான் வலியுறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நேரத்தை அடியோடு மாற்றிக்கொண்ட செடிகளும் உண்டு. அவற்றின் கதை நம் கடற்கரையில் தொடங்குகிறது. பெஞ்சமின் ஹெய்னே ஜெர்மன் நாட்டவர். மொரேவியச் சபையின் ஊழியராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலராகச் சாமல்கோட்டையில் பணியாற்றினார். 1819-இல் சென்னை வேப்பேரியில் காலமானார். தோட்டங்களில் வளரும் ரணகள்ளியை அவர் மென்று பார்த்திருக்கிறார். இலையைக் கட்டித் தொங்கவிட்டால் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்குமே, ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதுதான். காலையில் இலை நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. இதை 1813-இல் ஒரு கடிதமாக எழுதினார். லண்டன் லின்னேயன் கழகம் 1815-இல் அச்சிட்டது. ஒளிதான் அந்தப் புளிப்பை நீக்குகிறது என்று அவர் ஊகித்ததும் பொருத்தமே.

அந்தப் புளிப்பு மாலிக் அமிலம். ரணகள்ளி இரவில் துளையைத் திறக்கிறது. குளிர்ந்த, ஈரமான காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக்கிச் செல்லின் குமிழில் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளையை மூடிவிடுகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் அமிலத்தை உடைத்து, வரும் கரியமில வாயுவைச் சூரிய ஒளியில் சர்க்கரையாக்குகிறது. நண்பகலுக்குள் அமிலம் தீர்ந்துவிடும், புளிப்பும் போய்விடும். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவுக்கு இவை கொடுக்கும் நீர் நூறு மூலக்கூறுக்கும் குறைவு. சப்பாத்திக்கள்ளி, கற்றாழை, அன்னாசி ஆகியவை இந்த வகை. நாம் துவையல் அரைக்கும் பிரண்டையும் இந்த வகைதான். வேலியில் காய்ந்த மண்ணில் கோடை முழுவதும் பச்சையாகத் தொங்கும் பிரண்டையின் ரகசியம், அது இரவில் வேலை பார்ப்பதுதான். இதற்கும் விலை உண்டு. குமிழில் சேரும் அமிலம் எவ்வளவோ அவ்வளவுதான் மறுநாள் பிழைப்பு. அதனால்தான் இவற்றில் பெரும்பாலானவை மெல்ல வளர்கின்றன.

துளையின் எண்ணிக்கையைக் குறைப்பதிலும் அறிவியல் முயன்றுவருகிறது. செடிகளே இதைச் செய்திருக்கின்றன. கேம்பிரிட்ஜ் உலர்தாவரத் தொகுப்பில் இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்த மர இலைகளை இயான் உட்வர்ட் 1987-இல் எண்ணிப் பார்த்தார். காற்றில் கரியமில வாயு கூடக்கூடத் துளைகளின் அடர்த்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. 2019-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, நம் வயல்களிலும் விளைந்த ஐஆர் 64 நெல்லில் ஒரு மரபணுவை மிகுவித்துத் துளைகளைக் குறைத்தன. முளைத்த நான்காம், ஐந்தாம் வாரங்களுக்கு இடையில் அந்த நெல் வழக்கமான நீரில் 60 சதவீதத்தையே செலவிட்டது. வறட்சியிலும் நன்றாக நின்றது. நல்ல வேலை, மதிக்கிறேன். ஆனால் துளை குறைந்த செடி காலை ஏழு மணியின் மலிவான காற்றையும் குறைவாகவே வாங்க முடியும், பூக்கும் பருவத்தில் வெப்பம் ஏறினால் குளிர்விக்கவும் அதற்கு வழி குறைவு. எண்ணிக்கை ஒருமுறை இலை விரிந்ததோடு முடிந்துவிடும் தீர்மானம். நேரம் அப்படி இல்லை, ஒவ்வொரு நாளும் புதிதாக எடுக்கப்படும் தீர்மானம்.

ஆகையால் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நொருங்கன், நூற்றிப்பத்து, குழியடிச்சான் முதலிய நம் மானாவாரி நெல் வகைகளை வறட்சி தாங்குபவை என்று எல்லாரும் சொல்கிறோம். இவற்றின் வேரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இவற்றை ஒரே வயலில் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து, காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை மணிக்கொருமுறை அளந்து பாருங்கள். முதலில் மூடுவது எது, கடைசியில் மூடுவது எது, மூன்று மணிக்கு மறுபடி திறப்பது எது, மழை பெய்த மறுநாள் விரைவாகத் திரும்புவது எது. துளையின் திறப்பை அளக்கும் கையடக்கமான போரோமீட்டர் ஒன்று போதும். 1898-இல் கொம்பிலிருந்து சீவிய ஒரு மெல்லிய பட்டை நீராவியில் வளைவதைக் கொண்டே ஃபிரான்சிஸ் டார்வின் இலைத்துளைகளின் நாள் நடப்பைப் பதிவு செய்தார். போரோமீட்டர் இல்லாத கல்லூரியில்கூட, இலையில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் துளையின் அச்சு கிடைக்கும். எண்ணிக்கையையும் பரவலையும் அதிலேயே எடுக்கலாம். இராமநாதபுரத்தில் வரும் புரட்டாசி விதைப்போடு இந்தப் பணியைத் தொடங்க முடியும். வயலில் உட்கார ஆர்வமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.